சொல்லிக்கொடுத்த கடை

துணி விற்ற ஒரு குடும்பம், தைக்கும் வித்தையைக் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தது. ஊரே பிழைத்துக்கொண்டது!

ஹாமில்டன் என்ற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், கேன்சஸ் சிட்டியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. மக்கள்தொகை 2,000-ஐத் தொடாது. நம்மூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

ஆனால், போர்வை தைக்கிற அமெரிக்கப் பெண்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். ‘குவில்ட்காரர்களின் டிஸ்னிலேண்ட்’ என்று அந்த ஊருக்குச் செல்லப்பெயர். தோழிகளாகச் சேர்ந்து பஸ் பிடித்து வருகிறார்கள். கடைத்தெரு முழுக்க துணிக்கடைகள். பூப்போட்ட துணிக்கு ஒரு கடை, குழந்தைகளுக்கான துணிக்கு ஒரு கடை, கிறிஸ்துமஸ் போன்ற பண்டிகைத் துணிகளுக்கு ஒரு கடை. மனைவி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கும்போது கணவன் சாய்நாற்காலியில் படுத்து டி.வி பார்ப்பதற்கென்றே ஓர் இடம்கூட உண்டு. தி.நகரில் பை சுமந்து நிற்கும் ஆண்கள் பெருமூச்சு விடலாம்.

அத்தனை கடைகளும் ஒரே நிறுவனத்துடையவை. பெயர் மிசூரி ஸ்டார் குவில்ட் கம்பெனி. தொடங்கியது 2008-ல், ஒரு பழைய கட்டிடத்தில், ஒரே ஒரு மெஷினோடு.

மூன்று அடுக்குப் போர்வை

பிறந்த குழந்தையைப் படுக்கவைக்கப் பழைய வாயில் சேலையை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டு விரிப்பு செய்வார்களே, குவில்டின் அடிப்படை அதுதான். வங்காளத்தில் அதே வேலையைக் காந்தா என்பார்கள். வடக்கே குளிருக்குப் பஞ்சு வைத்துத் தைத்தால் ரஜாய்.

அமெரிக்கக் குவில்டில் அடுக்கு மூன்று. மேலே, துண்டுத் துணிகளைக் கணக்காக இணைத்துத் தைத்த முகப்பு. நடுவில் தகடு போன்ற பஞ்சு. அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து முழுப் பரப்பிலும் தையல் ஓடவேண்டும். அந்தத் தையல்தான் குவில்டிங். அது இல்லாவிட்டால் நாலு சலவையில் பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும்.

முகப்பு தைப்பது சுகமான வேலை. கட்டில் அகலப் போர்வையைச் சுருட்டிச் சின்ன மெஷினுக்குள் நுழைத்துக் குவில்டிங் போடுவதுதான் இடுப்பை ஒடிக்கும். அதனால் பலர் முகப்பை மட்டும் தைத்து, பெரிய சட்டத்தில் துணியை இழுத்துக்கட்டி மெஷினின் தலையை அதன்மேல் நகர்த்தித் தைக்கும் ஆட்களிடம் கொடுத்துவிடுவார்கள். அந்த மெஷினுக்கு லாங் ஆர்ம் என்று பெயர். ஹாமில்டன் கதையைத் தொடங்கி வைத்ததே அதுதான்.

மெஷினைவிடக் கட்டிடம் மலிவு

ஜென்னி டோன், ஏழு பிள்ளைகளின் தாய். கலிபோர்னியாவிலிருந்து 1990-களில் குடும்பத்தோடு மிசூரிக்கு வந்தவர். அதற்கு முன்பே துணி தைப்பவர்தான், ஆனால் குவில்டிங் படித்தது மிசூரி வந்த பிறகு. கணவர் ரான், ‘கேன்சஸ் சிட்டி ஸ்டார்’ என்ற நாளிதழில் மெஷினிஸ்ட். 2008-ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது, ஓய்வுக்காலத்துக்கென அவர் சேர்த்து வைத்திருந்த பணமும் கரைந்துபோனது.

அந்தச் சமயத்தில் மகன் ஆலன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அம்மா குவில்டிங்குக்குக் கொடுத்த போர்வை மாதக்கணக்கில் திரும்பி வரவில்லை. அவ்வளவு வேலை தேங்கிக் கிடந்தது. ஆள் தட்டுப்பாடு இருக்கும் தொழிலை அம்மாவே செய்தால் என்ன? ஆலனும் சகோதரி சாராவும் கடன் வாங்கினார்கள். லாங் ஆர்ம் மெஷின் ஒன்று வாங்கினார்கள். வீட்டுக்குள் அது நுழையாது என்பதால் ஹாமில்டன் கடைத்தெருவில் ஒரு கட்டிடத்தை 24,000 டாலருக்கு வாங்கினார்கள். மெஷின் விலை அதைவிட அதிகம். அந்த ஊரில் கட்டிடத்துக்கு அப்போது அவ்வளவுதான் மதிப்பு.

மெஷின் வந்தது, கட்டிடம் வந்தது, வாடிக்கையாளர்தான் வரவில்லை. 2,000 பேர்கூட இல்லாத ஊரில் எத்தனை பேர் போர்வை தைப்பார்கள்?

ஆலன் மறுபடியும் ஒரு யோசனையோடு வந்தார். யூடியூபில் போட டுட்டோரியல் செய்து தர முடியுமா என்று அம்மாவைக் கேட்டார். தாராளமாகச் செய்யலாமே என்றவர், டுட்டோரியல் என்றால் என்னவென்று கேட்டாராம். 2009-ல் வீடியோக்கள் வரத் தொடங்கின. சதுரம் எப்படி வெட்டுவது, முக்கோணம் எப்படித் தைப்பது, ஓரம் எப்படி மடிப்பது. கட்டணம் கிடையாது. தப்பாகத் தைத்தால் அதையும் சிரித்துக்கொண்டே காட்டுவார். பக்கத்து வீட்டு அக்கா அடுப்படியில் நின்று பேசுகிற தோரணை.

பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் பெருகினார்கள். பார்த்தவர்களுக்குத் துணி வேண்டியிருந்தது. குவில்டிங் போடத் திறந்த கடை துணிக்கடையும் ஆனது. துணி ஹாமில்டனில் இருந்தது.

கத்தரி பயம்

சொல்லிக்கொடுத்தால் துணி விற்கும் என்பது மேலோட்டமான கணக்கு. உள்ளே இன்னொன்று இருக்கிறது.

புதுத்துணியில் முதல் கத்தரி வைக்கும்போது தேர்ந்த டெய்லர்கூட ஒரு நொடி நிற்பார். சமையலில் உப்புக் கூடினால் ஏதாவது செய்து சமாளிக்கலாம். வெட்டிய துணியை ஒன்றும் செய்ய முடியாது. புதிதாகத் தைக்க வருபவர்களைத் துரத்துவது தையல் அல்ல, அந்த வெட்டுதான்.

துணிக் கம்பெனிகள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தன. தாங்களே வெட்டிக் கட்டாக விற்றன. 5 இன்ச் சதுரங்கள் 42 சேர்ந்த கட்டுக்கு சார்ம் பேக் என்று பெயர். 10 இன்ச் சதுரமென்றால் லேயர் கேக். இரண்டரை இன்ச் பட்டைகள் நாற்பதைச் சுருட்டி ரிப்பன் கட்டினால் ஜெல்லி ரோல். பின்னிரண்டும் பேக்கரிப் பெயர்கள். ஒரே டிசைனர் வரைந்த துணிகள் என்பதால், எதை எதோடு வைத்தாலும் நிறம் இடிக்காது.

ஜென்னியின் வீடியோக்கள் பெரும்பாலும் இந்தக் கட்டுகளை வைத்தே அமைந்தவை. இந்தக் கட்டு இரண்டு எடுங்கள், இப்படித் தையுங்கள், சனி ஞாயிறுக்குள் போர்வை ரெடி என்பதுதான் பாணி. வெட்டுகிற பயம், நிறம் பொருத்துகிற குழப்பம், கணக்கு போடுகிற தலைவலி மூன்றையும் கடைக்காரரே வாங்கிக்கொண்டார். தைக்கிற சந்தோஷத்தை மட்டும் வாடிக்கையாளருக்கு விட்டுவைத்தார்.

இதற்கு முன்பே வேறொரு கருவியும் வழி திறந்திருந்தது. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் கொண்டுவந்த வட்டக்கத்தி. பீட்சா வெட்டும் சக்கரம்போல் இருக்கும். ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் நாலைந்து மடிப்பு துணி ஒரே நேரத்தில் நூல் பிடித்ததுபோல் வெட்டுப்படும். அட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் வரைந்து, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டிய காலம் அதோடு மலையேறியது.

81 சதுரம், ஒரு போர்வை

அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? ‘டிஸ்அப்பியரிங் நைன் பேட்ச்’ என்ற முறையைப் பார்ப்போம். ஒன்பது கட்டம் போட்டு, அந்த ஒன்பதையும் காணாமல் போக்கும் வித்தை.

5 இன்ச் சதுரங்கள் ஒன்பதை மூன்றுக்கு மூன்றாக அடுக்குங்கள். நடுச் சதுரம் மட்டும் பளிச்சென்று வேறு நிறமாக இருக்கட்டும். கால் இன்ச் உள்ளே விட்டு எல்லாவற்றையும் தையுங்கள். இப்போது கையில் 14 இன்ச் சதுரம் ஒன்று இருக்கும். பார்க்கச் சதுரங்கப் பலகை மாதிரி சுமாராகத்தான் இருக்கும்.

இனிதான் விளையாட்டு. சரியாக நடுவில், 7 இன்ச்சில், குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு. தைத்ததை வெட்டுவதா என்று மனசு அடித்துக்கொள்ளும், வெட்டுங்கள். நான்கு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய சதுரம், இரண்டு நீள்சதுரம், நடுச் சதுரத்தின் கால் பங்கான ஒரு குட்டிச் சதுரம். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு துண்டுகளை மட்டும் தலைகீழாகத் திருப்பி வைத்து, நான்கையும் திரும்ப இணைத்துவிடுங்கள். பல மணி நேரம் அளந்து, வெட்டி, கோத்த சிக்கலான கோலம்போல் ஒன்று எழும். யோசித்துப் பார்த்தால், மொத்த வேலையும் நேர்த்தையல்தான்.

இப்படி ஒன்பது கட்டங்கள் செய்து இணைத்தால் 39 இன்ச் சதுரப் போர்வை, கைக்குழந்தைக்குத் தாராளம். 81 சதுரம் தேவை. இரண்டு சார்ம் பேக்கில் 84 இருக்கும். மூன்று மிச்சம்.

நம்மூர்க் கணக்கில் சொன்னால், 44 இன்ச் அகல காட்டன் துணியை ஆறு நிறத்தில் 30 சென்டிமீட்டர் வீதம் எடுத்தால் 96 சதுரம் தேறும். அடித்துணிக்கு ஒன்றேகால் மீட்டர். இரண்டரை இன்ச் பட்டை ஐந்தை வெட்டி, இரண்டாக மடித்துச் சுற்றிலும் வைத்தால் ஓரம் முடிந்தது.

கவனிக்க வேண்டியவை மூன்று. துணியை முதலிலேயே நனைத்துக் காயவையுங்கள். சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். கால் இன்ச் என்றால் கால் இன்ச்தான். ஒவ்வொரு தையலிலும் நூலளவு பிசகினால் கடைசி வரிசை மூலைக்கு மூலை பொருந்தாது. இஸ்திரிப்பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்துங்கள். இழுத்தால் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும்.

பேப்பரில் வந்த கட்டங்கள்

தைக்கும் முறையை ஊருக்கெல்லாம் பகிர்வது மிசூரிக்குப் புதிதல்ல. ரான் வேலை பார்த்த அதே கேன்சஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ், 1928 முதல் 1961 வரை குவில்ட் கட்டங்களைத் தொடர்ந்து அச்சிட்டது. மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். நம் வார இதழ்களில் கோலப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பார்களே, அப்படி அந்தக் கட்டங்களை வெட்டிச் சேர்த்தார்கள் பண்ணை வீட்டுப் பெண்கள். பிறகு அவர்களே சொந்தக் கட்டங்களை வரைந்து அனுப்ப, பத்திரிகை அதையும் வெளியிட்டது.

அது 1930-களின் பஞ்ச காலமும்கூட. மாட்டுத் தீவனமும் மாவும் பருத்திப் பைகளில் வரும். பெண்கள் அந்தப் பைகளைப் பிரித்து உடையும் போர்வையும் தைப்பதைப் பார்த்த கம்பெனிகள், பைகளிலேயே பூப்போட்டு விற்கத் தொடங்கின. எந்தப் பூ வேண்டும் என்று பார்த்துத் தீவனம் வாங்கிய வீடுகள் உண்டு. பேப்பரில் கட்டம், தீவனப் பையில் துணி, இரண்டும் சேர்ந்து போர்வை.

பத்திரிகை அந்தப் பகுதியை நிறுத்தி 47 வருடம் கழித்து, அங்கே மெஷின் பார்த்த ஒருவரின் வீட்டிலிருந்து அதே வேலை வேறு வடிவில் கிளம்பியது.

சீட்டித்துணி போன தூரம்

இந்தக் கலைக்குள் நம் கரையின் நூலும் ஓடுகிறது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித்துணிக்கு ஐரோப்பாவே கிறங்கிக் கிடந்தது. துவைத்தாலும் வெளுக்காத பூவும் கொடியும் பறவையும் அதுவரை அவர்கள் பாராதது. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழ, 1721-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அச்சிட்ட பருத்தித் துணிகளுக்குத் தடைச் சட்டமே போட்டது.

கிடைத்தற்கரிய துணியை வீணாக்க யாருக்கு மனம் வரும்? சீட்டியிலிருந்து ஒரு பூ, ஒரு மயில், ஒரு கிளை என்று தனித்தனியாகக் கத்தரித்து, வெள்ளைத் துணியில் பரப்பி ஒட்டித் தைத்தார்கள். கொஞ்சம் சீட்டியே ஒரு முழுப் போர்வையை அலங்கரித்துவிடும். அமெரிக்காவின் தென்மாநில வீடுகளிலும் அந்த வேலை பரவியது. இதற்குப் பின்னாளில் கிடைத்த பெயர் ‘ப்ரோடெரி பெர்ஸ்’, அதாவது பாரசீகப் பூவேலை. துணி இந்தியாவுடையது, பேர் பாரசீகத்துக்கு!

கடையே இல்லாத ஊர்

எல்லாக் குவில்டும் கடைத்துணியில் பிறந்ததல்ல. அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து சூழ்ந்த ஒரு கறுப்பின மக்கள் ஊர், ஜீஸ் பெண்ட். அடிமைகளாகப் பருத்தி விளைவித்தவர்களின் வம்சம். தேய்ந்த வேலைக் கால்சட்டை, பழைய சட்டை, மிஞ்சிய கார்டுராய் என்று கிடைத்ததை இணைத்துத் தைத்தார்கள். அளவுகோல் கிடையாது, அச்சு கிடையாது. அம்மா தைப்பதை மகள் பார்த்தாள், அதுதான் பாடம்.

1960-களில் அந்த மக்கள் வாக்காளர் பட்டியலில் சேரக் கிளம்பியபோது, ஆற்றைக் கடக்க இருந்த படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. திரும்ப ஓடியது 2006-ல்தான். இடையில், 1966-ல், அந்தப் பகுதிப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கித் தங்கள் போர்வைகளை விற்றார்கள். 2002-ல் அந்தப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் நவீன ஓவியங்களைப்போல் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால்தலையிலும் ஏறின.

புகழுக்குப் பின்னால் வழக்கும் வந்தது. தங்கள் வேலையிலிருந்து பிறர் சம்பாதித்ததில் உரிய பங்கு வரவில்லை என்று சில பெண்கள் 2007-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு சமரசமானது. கட்டத்தை எல்லோருக்கும் கொடுப்பது ஒன்று, அடுத்தவர் கட்டத்தை எடுத்துக்கொள்வது வேறு. கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை தைத்தவர் கையில் இருக்கவேண்டும். டோன் குடும்பம் கொடுத்தது தாங்களாகவே முன்வந்து கொடுத்தது.

பெரிய கடையும் சின்னக் கடையும்

ஹாமில்டனுக்குத் துணி வியாபாரம் ரத்தத்தில் ஊறியது. அமெரிக்கா முழுக்கக் கிளைபரப்பிய ஜே.சி.பென்னி கடைகளின் நிறுவனர் ஜேம்ஸ் கேஷ் பென்னி, 1875-ல் பிறந்தது இங்கேதான். ஊர்த் துணிக்கடையில் வேலைக்கு நின்று தொழில் பழகியவர். 1924-ல் தன்னுடைய 500-வது கடையைச் சொந்த ஊரிலேயே திறந்தார். அந்தச் சாம்ராஜ்யம் 2020-ல் திவால் மனு கொடுத்தது.

தையல் துணிக்கென்றே நாடெங்கும் சுமார் 800 கடைகள் வைத்திருந்த ஜோஆன் நிறுவனம், 1943-ல் தொடங்கியது. 2025-ல் அத்தனை கடைகளையும் மூடிவிட்டது. கழுத்தை நெரித்த கடன் உட்பட அதற்குப் பல காரணங்கள்.

ஹாமில்டனில் நடந்தது தலைகீழ். காலியாகக் கிடந்த கட்டிடங்களை டோன் குடும்பம் ஒவ்வொன்றாக வாங்கிப் புதுப்பித்தது. ஒரு டஜனுக்கும் மேல் கடைகள் ஆயின. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது. வருகிறவர்கள் சாப்பிட ஹோட்டல்கள் வந்தன. 2015-ல் அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாக அமைப்பு, ஜென்னியையும் அவரோடு நின்றவர்களையும் அந்த ஆண்டின் சிறந்த சிறுதொழில் முனைவோராகத் தேர்ந்தெடுத்தது.

தொழில் ரகசியத்தை வெளியே சொன்னால் பிழைப்பு போய்விடும் என்பது வியாபாரிகளின் பழைய நம்பிக்கை. ஹாமில்டன் அதைப் பொய்யாக்கியிருக்கிறது. தைக்கத் தெரிந்தவர்கள் பெருகினால்தான் துணி வாங்குகிறவர்கள் பெருகுவார்கள். பெருக்குகிற வேலையையும் கடையே செய்யலாம்.

நம் கடைத்தெருவுக்கு ஒரு வார்த்தை

துணிக்கு நாம் பஞ்சப்பட்ட ஊர்க்காரர்கள் இல்லை. கரூரிலிருந்து படுக்கை விரிப்பும் மேஜை விரிப்பும் கப்பலேறுகின்றன. எந்தத் தெரு டெய்லர் கடையிலும் மெஷினுக்கு அடியில் ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணி இருக்கும். ஏழைப் பெண்களுக்கும் கணவரை இழந்தவர்களுக்கும் தமிழக அரசு இலவசமாகத் தையல் மெஷின் தருகிறது. அப்படி வந்த மெஷின்களில் சில, பிளவுஸுக்கு ஓரம் அடிப்பதோடு மூலையில் மூடிக் கிடப்பதை நாமே பார்க்கிறோம். அதை வைத்து இன்னும் என்னென்ன செய்யலாம் என்று சொல்லித்தர ஆளில்லை.

கட்பீஸ் கடை வைத்திருப்பவர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கோரிக்கை. வாரத்தில் ஒருநாள் மதியம், கூட்டமில்லாத நேரம், கடைக்குள் ஒரு மேஜை போடுங்கள். தைக்கத் தெரிந்த ஒரு அம்மாவை உட்காரவைத்து, பை, தலையணை உறை, குழந்தை விரிப்பு என்று வாரத்துக்கு ஒன்று சொல்லித்தரச் சொல்லுங்கள். அவருக்கு உரிய சம்பளம் கொடுங்கள். கற்றுக்கொள்ள வருபவர்களிடம் காசு கேட்காதீர்கள். பக்கத்தில் ஒரு செல்போனை நிறுத்தி அதைப் படம் பிடியுங்கள்.

2009-ல் ஹாமில்டனில் இருந்தது ஒரு மேஜை, ஒரு மெஷின், ஒரு கேமரா, சொல்லிக்கொடுக்க யோசிக்காத ஒரு அம்மா.